உங்களுக்குத் தெரியுமா? ராத்திரியில் பேட்டரியை இறக்குவது யார்?

● சாவியை எடுத்துக்கொண்டு நீங்கள் வீட்டுக்குள் போன பிறகும் கார் கரன்ட் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் சென்ட்ரல் லாக் எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை போனால் கவலையில்லை. 50 என்றாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான். சின்னக் காரில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி இறங்கவே இரண்டு வாரம் ஆகும். ராத்திரி நல்லபடியாக நிறுத்திய வண்டி காலையில் ‘டிக்... டிக்’ என்று மட்டும் சொன்னால், ஒன்று பேட்டரிக்கு வயதாகிவிட்டது, இல்லையென்றால் வண்டிக்குள் எங்கோ களவு போகிறது.

● இரண்டில் எது என்று கண்டுபிடிக்கக் காசே செலவில்லை. முழுசாக சார்ஜ் ஏற்றி, எர்த் டெர்மினலை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் 12.6 வோல்ட் பக்கம் நின்றால் பேட்டரி நிரபராதி. 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே போயிருந்தால் கடைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் நம் ஊரில் பாதிப் பேர் இதைச் செய்யாமலே புது பேட்டரி வாங்கி, ஒரே வாரத்தில் அதையும் இறக்கிவிடுகிறார்கள்.

● களவு வண்டிக்குள்தான் என்று தெரிந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, கழற்றிய எர்த் கேபிளுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரைக் கோத்துவிடுங்கள். கதவைத் திறந்துவைத்து வேலை பார்ப்பதானால், அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ரிமோட் சாவி வண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. முதலில் ஓரிரு ஆம்பியர்கூடக் காட்டும், பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்க அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் 300, 400 மில்லியாம்பியரில் நின்றால், பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சடாரென்று விழுகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. மீட்டர் கோத்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்டார்ட்டர் இழுப்பது 100 ஆம்பியருக்கும் மேல். மீட்டரின் பியூஸ் அந்த நொடியே போய்விடும்.

● எர்த் கேபிளில் டெஸ்ட் பல்பைக் கோத்துப் பார்ப்பது பழைய எலக்ட்ரீஷியன்களின் வழி. அம்பாஸடருக்கு அது போதும். இன்றைய காரில் 100 மில்லியாம்பியர் கசிந்தால் அந்த பல்பு கண் சிமிட்டக்கூடச் செய்யாது.

● டிக்கி விளக்கு பெரும்பாலும் 5 வாட்தான். சுவிட்ச் பழுதாகி அணையாமல் எரிந்தால் பத்து மணி நேரத்தில் 4 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். மூன்று நாலு ராத்திரி இப்படிப் போனால் வண்டி கிளம்பாது. மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள், அது சொல்லிவிடும்.

● எல்லா பியூஸையும் பிடுங்கியும் கசிவு நிற்கவில்லையா? ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகியுங்கள். விடிகாலையில் என்ஜின் சில்லென்று இருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

● நாங்குநேரி டோல்கேட்டில் பணம் கழிக்கும் ஃபாஸ்டேக் உங்கள் பேட்டரியிலிருந்து ஒரு துளி கரன்ட்கூட எடுப்பதில்லை. டோல்கேட் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையே அதற்குப் போதும். கார் வாங்கிய பிறகு மாட்டிய டேஷ்கேமும் ஜிபிஎஸ் கருவியும் அப்படியல்ல. சாவியைத் திருப்பாமலே கரன்ட் வரும் லைனில் கொடுத்திருந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் எடுத்துக்கொண்டே இருக்கும்.

● 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி நெல்லையின் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் புகுந்தது. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டியை வெளியில் கழுவித் துடைத்தாலும், சீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர் கனெக்டர்கள் பச்சை பூத்து, மாதக்கணக்கில் கழித்துக்கூடக் கசியத் தொடங்கும். பழைய கார் வாங்குபவர்கள் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

● தாமிரபரணித் தண்ணீர் அல்வாவுக்குச் சரி, பேட்டரிக்கு ஆகாது. ஆற்றுத் தண்ணீரில் இருக்கும் இரும்பு போன்ற தாதுக்கள், சும்மா நிற்கும் பேட்டரியைத் தானாகவே இறங்க வைக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

● மின்சாரக் காருக்கும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் வண்டி உயிர்பெறாது.

● அடுத்த முறை யாராவது ‘பேட்டரி போச்சு, மாத்திருங்க’ என்றால், ‘எத்தனை மில்லியாம்பியர் கசியுதுன்னு பாத்தீங்களா, அண்ணாச்சி?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பார்த்துவிட்டுச் சொல்பவரிடம் மட்டும் வண்டியைக் கொடுங்கள்.