டொனேஷன், எண்டௌமெண்ட்: இரண்டும் ஒன்றா?



ஆலயத்திற்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் பலர், ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது டொனேஷன், எண்டௌமெண்ட் என்னும் சொற்களை ஒரே பொருளில் கையாளுகின்றனர். இரண்டும் கொடையைக் குறிப்பவையே. ஆயினும் பொருளும் இலக்கணமும் வேறு.

டொனேஷன் என்பது நன்கொடை. மலாய் மொழியில் டெர்மா என்பர். நம் தர்மம் என்ற சொல்லே அது. அன்னதானத்திற்கு ஐம்பது வெள்ளி தந்தால், அது அரிசியும் பருப்புமாக அன்றே செலவாகிவிடும். எண்டௌமெண்ட் என்பது அறக்கட்டளை. இதில் முதல் குறையாது. அதன் வருவாய் மட்டுமே குறித்த அறத்திற்குச் செலவாகும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. ஒரு விளக்கு நாள்தோறும் எரிய 96 ஆடுகளை விட்டனர். அவற்றைப் பெற்ற இடையர், தினமும் ஓர் உழக்கு நெய் அளந்தனர். இறந்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும். ஆகவே இத்தகைய ஆடுகளைச் சோழர் காலத்தில் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். நெய்யை மட்டும் கொடுத்திருந்தால் டொனேஷன். ஆடுகளை விட்டதால் எண்டௌமெண்ட்.

இனி இலக்கணம். டொனேட் என்ற வினைக்குக் கொடுக்கும் பொருளே செயப்படுபொருள். பெறுபவருக்கு முன் ‘டு’ வரும்: ‘ஹீ டொனேட்டட் லேண்ட் டு த டெம்பிள்.’ எண்டௌ என்ற வினைக்கு ஆலயமே செயப்படுபொருள். பொருளுக்கு முன் ‘வித்’ வரும்: ‘ஹீ எண்டௌட் த டெம்பிள் வித் லேண்ட்.’ அதாவது, ஆலயத்தை நிலமுடையதாக ஆக்கினார். இறைவன் மனிதனுக்கு அறிவை அருளினான் என்பதற்கும் எண்டௌ பொருந்தும், டொனேட் பொருந்தாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. டச்சுக்காரர் ஆட்சியில் வழங்கப்பட்ட நிலத்தில் 1781-இல் எழுந்த மலாக்கா ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் அங்கேயே நிற்கிறது. தோட்டத்து ஆலயங்கள் பலவற்றின் கதை வேறு. பால்மரம் சீவியவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கோயில் எழுப்பினர். நிலமோ கம்பெனியின் பெயரிலேயே இருந்தது. தோட்டம் கைமாறியபோது சாமியும் இடம் மாற வேண்டியதாயிற்று. கட்டடத்திற்கு டொனேஷன் இருந்தது. நிலத்திற்கு எண்டௌமெண்ட் இல்லை.

ஆகவே, பொருள் வழங்கும் அன்பர்கள் தங்கள் விருப்பத்தைத் தெளிவாக எழுதித் தருக. முதலைச் செலவிடலாமா, வைப்பில் வைத்து வட்டியில் மட்டும் பூசை நடத்த வேண்டுமா, எந்தப் பூசைக்கு என்பவற்றைக் குறிப்பிடுக. நிலமாயின் பத்திரத்தில் ஆலயத்தின் உரிமையைப் பதிவு செய்க. நன்கொடை இன்றைய பசியைத் தீர்க்கும். அறக்கட்டளை நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் விளக்கேற்றும். ஆலயத்திற்கு இரண்டுமே தேவை.

ஆண்டவன் அருள் அனைவருக்கும் கிட்டுவதாக.