யார் அந்தப் பெருமாள் மேஸ்திரி?

மதுரையில் பெருமாள் மேஸ்திரி வீதி தெரியாதவர் உண்டா? சரி, யார் அந்தப் பெருமாள்? அவர் கதையை ஊர் நிர்வாகத்தின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

மதுரைக்கு மேயர் வந்தது 1971-இல்தான் நேயர்களே. முதல் மேயர், மதுரை முத்து. ஆனால் ஊரின் உருவத்தையே மாற்றிய நிர்வாகி ஒருவர், அதற்கும் நூறாண்டுக்கு மேல் முன்னால் இங்கே இருந்தார். கலெக்டர் பிளாக்பர்ன்.

அப்போது மதுரையைச் சுற்றி நாயக்கர் காலத்துக் கோட்டை. அதன் மதிலுக்குள்ளே ஊர் நெருக்கியடித்துக் கிடந்தது. வெளியே அகழியில் தேங்கிய தண்ணீர், அதனால் நோய். மதிலை இடித்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தார் பிளாக்பர்ன். அவ்வளவு பெரிய கோட்டையை யார் இடிப்பது? அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். மதிலை இடித்து, அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடம் சொந்தம் என்று அறிவித்தார். ஊரே கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கியது!

அந்த வேலையை முன்நின்று பார்த்தவர்களில் ஒருவர்தான் நம் பெருமாள் மேஸ்திரி. இன்னொருவர் மாரட். இருவர் பெயரிலும் இன்று வீதிகள் இருக்கின்றன. வெளிவீதிகள் பிறந்ததும் அப்போதுதான். கலெக்டர் பெயரோடு மேஸ்திரி பெயரையும் ஓர் ஊர் நினைவில் வைத்திருப்பது எவ்வளவு நல்ல விஷயம்!

பிளாக்பர்னுக்கு நன்றியாக மக்கள் நிறுத்தியதுதான் மாசி வீதியில் இருக்கும் விளக்குத்தூண். இடிபடாமல் தப்பிய கோட்டையின் ஒரு துண்டு, பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.