கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், கேப் யார்க் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது சில்லி கடற்கரை. பெயரைப் பார்த்து மிளகாய் தேட வேண்டாம். அங்கே தென்னை மரங்களும் மாதக்கணக்கில் ஓயாத தென்கிழக்குக் காற்றும்தான். குடிக்கிற தண்ணீரைக்கூட வண்டியில் கொண்டுபோக வேண்டிய இடம். இப்படிப்பட்ட கரையில் கூடாரம் போடக் கிளம்புகிறவர்கள் சோலார் தகடு, குளிர்பெட்டி, சாட்டிலைட் போன் என்று பட்டியல் போடத் தொடங்குவார்கள். பட்டியலில் தப்பில்லை. ஆனால் அங்கே ஆளைக் காப்பாற்றுவது சாமானைவிட, இடத்தின் போக்கை அறிகிற கண்தான்.

அந்தக் கரைக்கு எதிரே ரெஸ்டோரேஷன் தீவு. பவுன்டி கப்பலில் கலகம் நடந்து திறந்த படகில் விடப்பட்ட கப்பல் தலைவர் வில்லியம் பிளையும் அவருடைய ஆட்களும் 1789 மே மாதக் கடைசியில் அங்கே ஒதுங்கினார்கள். வாரக்கணக்காக ரொட்டித் துணுக்கில் உயிர்பிடித்து வந்தவர்களுக்குப் பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகள் தெம்பு கொடுத்தன. 1848இல் எட்மண்ட் கென்னடியின் ஆய்வுப் பயணக் குழு அதே தீபகற்பத்தில் தரைவழியாக வந்தது. 13 பேர், குதிரைகள், ஆட்டு மந்தை, வண்டிகள். வண்டிகள் காட்டிலும் சதுப்பிலும் பயன்படாமல் கைவிடப்பட்டன. சில்லி கடற்கரைக்குச் சற்று வடக்கே, வேமவுத் விரிகுடாவில் கென்னடி விட்டுப்போன எட்டுப் பேரில் ஆறு பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். அவரோ ஈட்டிக்குப் பலியானார். அவரோடு முன்னே போனவர்களில், தீபகற்பத்தின் வடமுனையில் குழுவுக்காகக் காத்து நின்ற கப்பலை எட்டியவர் ஜாக்கி ஜாக்கி என்ற பழங்குடி இளைஞர் மட்டுமே. பிளைக்குப் படகு இருந்தது, அவர் தங்கியதும் சில நாள்தான், ஆகவே இந்த ஒப்பீடு முழு நியாயமல்ல என்று சொல்லலாம். சரிதான். ஆனால் கென்னடியின் ஆட்கள் பட்டினியில் மடிந்த அதே கரை, தலைமுறை தலைமுறையாகப் பழங்குடி மக்களுக்குச் சோறு போட்ட கரை. பஞ்சம் மண்ணில் இல்லை.

இன்றைய பயணியின் சோதனை உவர்நீர் முதலை. இந்தக் கரை அடங்கிய குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1974 முதல் அதை வேட்டையாடத் தடை, ஆகவே விலகியிருப்பதே வழி. தண்ணீர் விளிம்பிலிருந்து 50 மீட்டராவது தள்ளி, ஓதம் ஏறும் உச்சக் கோட்டுக்கு 2 மீட்டராவது மேலே கூடாரம் போடச் சொல்கிறார்கள் அதிகாரிகள். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய கெடுபிடிபோலத் தெரியும். முன்பதிவு, அனுமதி, அளவுக்கோடு என்றால் இதில் வனம் எங்கே என்ற முணுமுணுப்பும் உண்டு. ஆனால் அந்த அளவுகளுக்குக் காரணம் அதிகாரி அல்ல, முதலை. அது கரையோரம் அசையாமல் மறைந்திருந்து பாயும். தினமும் ஒரே துறையில் பாத்திரம் கழுவுகிறவரின் பழக்கத்தைக் கவனித்துக் காத்திருக்கும். ஆபத்தென்றால் சாட்டிலைட் போன் இருக்கிறதே என்பார்கள். போன் ஆளை அழைக்கும், உண்மை. முதலை இழுத்த பிறகு ஹெலிகாப்டர் வந்து என்ன பயன்? மழைக்கால வெள்ளத்தில் பாதைகள் அறுந்துபோகிற ஊர் வேறு. கோடையில் கரையோரம் வரும் பெட்டிச் சொறிமீனும் (பாக்ஸ் ஜெல்லிமீன்) இப்படியே: வினிகர் புட்டி கொட்டுப்பட்ட பிறகுதான் உதவும், கொட்டாமல் காப்பது எந்த மாதத்தில் கடலில் இறங்கக் கூடாது என்ற அறிவு.

முதலை விஷயத்தில் இன்னொரு சிக்கல், நாம் கவனமாக இருந்தால் மட்டும் போதாது. முந்தின வாரம் தங்கியவர்கள் மீனை வெட்டிக் குடலையும் தலையையும் ஓடைக்கரையில் வீசிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தத் தீனிக்குப் பழகிய முதலை, அடுத்து அங்கே கூடாரம் போடுகிறவர்களிடமும் அதை எதிர்பார்த்துத்தான் வரும்.