அரிவாளும் அதன் அங்கங்களும்

இப்பேழையிலுள்ள அரிவாளைக் காண்பவர் கண் அதன் வளைவில்தான் முதலில் நிற்கும். ஆயினும் கருமானுடைய பிரயாசை முழுவதும் இறங்கியிருப்பது, வெட்டும் பகுதியாகிய வாயிலும், அதற்கு எதிரே தடித்து நிற்கும் முதுகிலும், பிடிக்குள் மறைந்துபோன காம்பிலுமே ஆகும். பட்டடையில் சம்மட்டியால் அடித்து உருவாக்கியபின், வாயை மட்டும் மீண்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். தோய்ந்த வாய் கடினமாகி, தோயாத முதுகு வளைந்துகொடுக்கும் குணத்தோடு நிற்பதால், விறகின் கணுவில் பட்டாலும் ஆயுதம் எளிதில் முறிவதில்லை. தோய்ச்சல் மிகுந்தால் வாய் சில்லாகத் தெறிக்கும், குறைந்தாலோ மடிந்துபோகும். ஆகையால் மறுபடியும் இளஞ்சூடு காட்டி, மெருகிட்ட இடத்தில் வைக்கோல் நிறம் படரும் தருணத்தில் நிறுத்துவது கைதேர்ந்தவனுடைய சாமர்த்தியம். காம்பு இறங்கிய மரப்பிடி பிளவாதபடி அதன் கழுத்தை இறுக்கியிருக்கும் இரும்பு வளையமே பூண்.

அடுத்துள்ளது நெல்லறுக்கும் கருக்கரிவாள். அதன் பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருப்பதால், தாளைக் கையால் பற்றி, அரிவாளைத் தன்பால் இழுக்கும்போதுதான் அறுக்கும்.

மூன்றாவது, பனையேறியின் பாளை அரிவாள். பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் தடையின்றிச் சுரக்குமாதலால், சவரக் கத்தியும் நாணும்படியான கூர்மை இதற்கு அவசியமாயிற்று.