வீட்டிலே கட்டும் விமானம்

விமானம் என்னும் சொல் எம்மவரின் வீடுகளில் ஒரே பொருளை உடையதன்று. மூத்தோருக்கு அது பதுங்குகுழியையும், இரைச்சலைக் கொண்டே வகையை இனங்காணும் பழக்கத்தையும் நினைவூட்டுவது. 'சியாமாசெட்டி', 'புக்காரா', 'சகடை', 'கிபிர்' என்ற பெயர்களை எமது பிள்ளைகள் பாடநூலில் படிக்கவில்லை. முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துப் படித்தார்கள். நடுவயதினருக்கோ விமானம் ஊரையும் உறவையும் விட்டுப் பிரித்த வாகனம். பலெர்மோவில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு மாத்திரமே அது அண்ணாந்து பார்த்து மகிழத்தக்க பொருளாக இருக்கின்றது.

இவை மூன்றுக்கும் அப்பால் நான்காவது வகை ஒன்றும் உண்டு. ஒரு குடும்பம் தனது வீட்டுக் கொட்டகையிலோ வாகனத் தரிப்பறையிலோ, உற்றார் நண்பரின் துணையோடு, தன் கையாலேயே கட்டி முடித்து ஏறிப் பறக்கும் விமானம் அது. கேட்பதற்குக் கதைபோலத் தோன்றலாம். ஆயினும் உலகின் பல நாடுகளிலே சட்டத்தின் அனுமதியோடு, அமைதியாக நடைபெற்றுவரும் முயற்சி இது. இதனைப் பற்றி எமது குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

பெட்டியில் வரும் விமானம்

'கிற்' என்று அழைக்கப்படும் பாகப் பொதியை விற்கும் நிறுவனங்கள் பல உள்ளன. சிறகுக்குரிய தகடுகள், விலாக்கள், வால், கட்டுப்பாட்டுக் கம்பிகள் யாவும் இலக்கமிடப்பட்டு மரப்பெட்டிகளில் வந்து சேரும். கூடவே தடித்த கைநூலும் வரும். இயந்திரத்தையும் கருவிகளையும் பெரும்பாலும் தனியே வாங்க வேண்டும். பொதியாக வாங்க வசதியில்லாதோர் வரைபடத்தை மாத்திரம் வாங்கி, மரத்தையும் தகட்டையும் தாமே அறுத்து வெட்டிக் கட்டுவதும் உண்டு.

அமெரிக்காவில் 1953 ஆம் ஆண்டில் போல் பொபெறெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரிலே இத்தகையோருக்கான சங்கமொன்றை ஆரம்பித்தார். அது இன்று உலகெங்கும் அங்கத்தவர்களைக் கொண்டுள்ளது. அந்நாட்டு விதியின்படி, விமானத்தின் பெரும்பகுதி வேலையை அதனை உடையவர் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ தாமே செய்திருத்தல் வேண்டும். இங்கிலாந்திலும் பிரான்சிலும் இவ்வாறான சங்கங்கள் உண்டு. நாம் வாழும் இத்தாலியிலும் 'கிளப் அவியாசியோனே பொப்போலாரே' என்ற சங்கம் உண்டு. 'மக்கள் விமானவியற் கழகம்' என்று இதனைத் தமிழிற் கூறலாம்.

இவ்வேலை ஏன் குடும்பத்தின் வேலையாகின்றது? காரணம் வேலையிலேயே இருக்கின்றது. அலுமினியத் தகடுகளைத் தறையாணி கொண்டு இணைக்கும் முறைகளுள் ஒன்றில், ஒருவர் வெளிப்புறத்தில் நின்று காற்றழுத்தச் சுத்தியலால் அடிக்க, மற்றவர் உட்புறத்தில் கனத்த இரும்புக் கட்டியொன்றை ஆணியின் முனையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாது. குரலாலும் தட்டும் ஓசையாலும் பேசிக்கொள்ள வேண்டும். பெரியவர் கை நுழையாத இடத்தில் சிறுவர் கை நுழையும். மரத்தால் கட்டுவோருக்குப் பசையே உயிர். ஒவ்வொரு முறை பசை குழைக்கும்போதும் ஒரு மாதிரித் துண்டையும் ஒட்டி, காய்ந்தபின் உடைத்துப் பார்ப்பார்கள். பசை விட்டுப்போனால் வேலை பிழை. பசை நிற்க மரம் கிழிந்தால் வேலை சரி. சிறகின் உட்புறத்தை மூடுவதற்கு முன்னர் பரிசோதகர் வந்து பார்த்துக் கையொப்பமிட வேண்டும். மூடியபின் பார்க்க இயலாதல்லவா?

கட்டியவர் சிலர்

இங்கிலாந்தில் வாழும் அசோக் தாமரக்ஷன் என்பவர் கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த இயந்திரப் பொறியியலாளர். உயர்கல்விக்காக 2006 ஆம் ஆண்டில் அங்கு சென்றவர். வாடகைக்குக் கிடைக்கும் சிறு விமானங்களில் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக ஏற இடமில்லாமையால், நான்கு பேர் அமரக்கூடிய 'ஸ்லிங்' என்னும் தென்னாபிரிக்க விமானத்தின் பாகங்களைத் தருவித்தார். கொரோனா முடக்கக் காலத்தில் வெளியே செல்லவும் வழியில்லை. வீட்டுப் பின்வளவில் அமைத்த கொட்டகையே அவரின் தொழிற்சாலையாயிற்று. ஏறத்தாழ 1,500 மணித்தியால உழைப்பின் பின்னர், 2022 ஆம் ஆண்டில் அது பறந்தது. இளைய மகளின் பெயரையே விமானத்திற்கும் இட்டனர். அதிலேறி ஜேர்மனி, ஒஸ்திரியா, செக் குடியரசு வரை அவர் சென்று வந்துள்ளார்.

இலங்கையிலும் ஒருவர் இருந்தார். றே விஜேவர்த்தன என்ற அப்பொறியியலாளர் 1924 இல் பிறந்து 2010 இல் காலமானவர்; கேம்பிறிட்ஜில் கற்றவர். அவரின் பெயரை அறியாத வன்னி விவசாயி கூட அவரின் பொருளை அறிவார். இரண்டு சில்லு உழவு இயந்திரமாகிய 'லான்ட்மாஸ்ரர்' அவருடைய ஆக்கமே. எமது மக்கள் பாயும் பானையும் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த அதே லான்ட்மாஸ்ரர்தான். அவர் சிறிய விமானங்கள் பலவற்றைத் தாமே வரைந்து, தாமே கட்டி, இரத்மலானையிலிருந்து தாமே ஓட்டியும் பார்த்தார். வயலுக்கு வேண்டிய கருவியைச் செய்த கைதான் வானுக்கு வேண்டியதையும் செய்தது.

சியாமாசெட்டியும் ஃபல்கோவும்

இனி, எம்மை நேரே தொடும் செய்திக்கு வருவோம். 1985 ஆம் ஆண்டு முதல் வடபகுதி வானில் வந்து குண்டு வீசிய சியாமாசெட்டி இத்தாலியிலே செய்யப்பட்டது. இத்தாலிய மொழி படித்த எமது பிள்ளைகள் அதன் பெயரைச் 'சியாய் மார்க்கெற்றி' என்று சரியாகவே வாசிப்பார்கள். எமது ஊர் வாயில் அது சியாமாசெட்டி ஆயிற்று. வட இத்தாலியின் செஸ்தோ காலெந்தே என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலையின் 'எஸ்.எவ். 260' வகை விமானம் அது. அதன் மூல மாதிரி 1964 ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்தது.

அதனை வரைந்தவர் ஸ்தேலியோ ஃபிராத்தி. 1919 இல் பிறந்து, மிலான் பொலிடெக்னிக்கோவில் பயின்றவர். இவரும் 2010 இலேயே மறைந்தார். விமானவியலாளர்கள் இவரை அழகிய சிறு விமானங்களின் சிற்பி என்று போற்றுவர். இவர் வரைந்தவற்றுள் மிகவும் புகழ்பெற்றது 'ஃபல்கோ' என்பது. இத்தாலிய மொழியில் வல்லூறு என்று பொருள். 1955 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதன்முதலாகப் பறந்த இவ்விமானம் இருவர் அருகருகே அமர்ந்து செல்வது. சிறகும் உடலும் மரத்தாலானவை. தொழிற்சாலைகள் அதனைச் செய்வதை நிறுத்திய பின்னர், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து நிறுவனமொன்று ஃபிராத்தியின் இசைவோடு அதன் வரைபடங்களையும் பாகப் பொதிகளையும் வீட்டிலே கட்டுவோருக்கு விற்றது. இவ்வாறு 1980களில், எமது பிள்ளைகள் சியாமாசெட்டியின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய அதே காலத்தில், வேறு நாட்டுப் பிள்ளைகள் தந்தையரின் அருகில் நின்று ஃபல்கோவின் சிறகுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் வரைந்தது ஒரே கை.

இதனைக் கேட்டு நாம் ஃபிராத்தியை ஏசவும் வேண்டாம். புகழ்ந்து பாடவும் வேண்டாம். எஸ்.எவ். 260 விமானம் பல நாடுகளில் மாணவ விமானிகளுக்குப் பறக்கக் கற்பிக்கும் விமானமாகவும் பயன்பட்டது. அதன் சிறகின் கீழே குண்டைத் தொங்கவிட்டு, எந்த ஊரின் மேல் வீசுவது என்று முடிவு செய்தவர் வேறு. அந்த முடிவுக்குரிய பொறுப்பு முடிவெடுத்தவரையே சாரும். எமது இழப்பை இதனால் நாம் மறந்துவிடப் போவதில்லை. ஆனால் விமானம் என்பது மேலிருந்து எம்மீது வந்து விழும் விதியன்று. மனிதர் வரைந்து, மனிதர் பசை தடவி, மனிதர் ஆணி அடித்துச் செய்யும் பொருள். பிறர் செய்வதை எமது பிள்ளைகளும் செய்யலாம். இதனை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே நாம் முன்னர் குறித்த காரணம்.

கப்பல் கட்டிய கைகள்

மரத்தைக் கொண்டு பெருவேலை செய்வது எமக்குப் புதிதன்று. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்ட அக்கப்பல் 1938 ஆம் ஆண்டு அத்திலாந்திக்கைக் கடந்து மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனைக் கட்டியோர் பரம்பரை அறிவுடைய மேத்திரிமார். மகன் தந்தைக்கு மரம் பிடித்துக் கொடுத்தான். அயலவர் தோள் கொடுத்தனர். மரவிலாவை நிறுத்தி, அதன்மேல் பலகை போர்த்தி, மூட்டு விடாமல் இறுக்கும் கலையே ஃபல்கோவைக் கட்டுவோரும் செய்யும் கலை. அக்கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று பலெர்மோவிலும் இருக்கலாம்.

பலெர்மோவில் நாம்

மெய்யைக் கூற வேண்டும். அசோக் அவர்களின் விமானத்திற்கு ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் செலவாயிற்று. பிறர் வீட்டில் சமைத்தும் துடைத்தும், முதியோரைப் பராமரித்தும் உழைக்கும் எமது குடும்பங்களுக்கு அது எட்டாத தொகை. மூன்று அறை வாடகை வீட்டில் சிறகு வைக்கவும் இடமில்லை. ஆபத்தும் உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012 இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்து வீதம் ஏனைய சிறு விமானங்களிலும் கூடியது என்றும், முதற் பறப்புகளிலேயே விபத்துகள் பல நிகழ்கின்றன என்றும் காட்டியது. ஆகவே நாளைக்கே ஒருவர் விமானம் கட்டப் புறப்பட வேண்டும் என்பது எமது கருத்தன்று.

எனினும் செலவைப் பங்கிடும் வழியை உலகம் அறியும், நாமும் அறிவோம். ஐரோப்பாவில் பல விமானங்களுக்கு உரிமையாளர் ஒருவரல்லர். நாலைந்து நண்பர்கள் கூட்டாக வாங்கி, கூட்டாகக் கட்டி, முறை வைத்து ஓட்டுகின்றார்கள். சீட்டுப் பிடித்துக் கலியாணம் நடத்தியும், தம்பியை வெளிநாட்டுக்கு அழைத்தும் பழகிய எமக்கு இக்கணக்கு விளங்காததன்று.

உடனடியாகச் செய்யக்கூடியது வேறொன்று. இந்நாட்டிலே பிள்ளைகள் 'தெர்சா மேதியா' முடிக்கும் ஆண்டில், பதின்மூன்று பதினான்கு வயதிலே, மேற்கொண்டு எவ்வகைப் பாடசாலைக்குச் செல்வதென்று தெரிவு செய்ய வேண்டும். இதனைப் பெற்றோர் பலர் ஒரு படிவத்தில் வைக்கும் கையொப்பமாக மாத்திரம் கருதிவிடுகின்றனர். வேலை நேரமும் மொழியும் தடையாகின்றன என்பது உண்மையே. ஆனால் அந்தக் கையொப்பம் ஐந்தாண்டுப் பாதையைத் தீர்மானிக்கின்றது. தொழில்நுட்பக் கல்விக்குரிய 'இஸ்தித்தூத்தோ தெக்னிக்கோ' பாடசாலைகளில் 'திறஸ்போர்த்தி எ லொஜிஸ்திக்கா', அதாவது போக்குவரத்துத் துறை, என்றொரு பிரிவு உண்டு. அதற்குள்ளே விமானக் கட்டுமானம் கற்பிக்கும் கிளையும் இருக்கின்றது. எல்லாப் பாடசாலைகளிலும் இது இல்லை. பாடசாலை அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். பிள்ளைக்கு விருப்பம் இருந்தால், கேட்கும் கடமை பெற்றோருடையது.

அதற்கும் முன்னர், மெல்லிய பல்சா மரத்தில் ஒரு மாதிரி விமானம் செய்வதற்கு ஞாயிறு மாலை ஒன்று போதும். ஒரு கூர்மையான கத்தி, சிறிது பசை, ஓரளவு பொறுமை, இவையே மூலதனம். சிறகு கோணினால் விமானம் ஏன் ஒரு பக்கமாகச் சாய்கின்றது, மூக்கிலே சிறிது பாரம் கூட்டினால் ஏன் நேரே செல்கின்றது என்பவற்றைப் பிள்ளை கையால் படிக்கும். எமது தமிழ்ப் பாடசாலைகளின் ஆண்டு விழாக்களில் பேச்சும் நடனமும் நடைபெறுகின்றன. கைவேலைக் காட்சியொன்றும் அவற்றோடு இடம்பெறலாகாதா?

பலெர்மோவின் மேற்கே மலையடிவாரத்தில் பழைய சிறு விமான நிலையம் ஒன்று உண்டு. பெரிய விமானங்கள் புந்தா றையிசிக்கு மாறிய பின்னரும் சிறு விமானங்கள் வந்துபோன இடம் அது. அதன் பெயர் பொக்காதிஃபல்கோ. வல்லூறின் வாய் என்று பொருள். வசதியுள்ள பெற்றோர் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அப்பகுதிக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறிய விமானமொன்று எழும்பினால், அது எப்படிச் செய்யப்பட்டதென்று பிள்ளை கேட்கும். மூத்தோரின் செவிக்கு அந்த ஓசை இன்னும் கசக்கலாம். ஆயினும் பிள்ளையின் கேள்விக்கு விடை சொல்லுங்கள். இரும்புக் கட்டியைப் பிடிக்கும் இன்னொரு கையைப் பற்றியும், பசையை உடைத்துப் பார்ப்பதைப் பற்றியும், வல்வெட்டித்துறை மேத்திரிமாரைப் பற்றியும் சொல்லுங்கள். சியாமாசெட்டியைப் பற்றியும் மறைக்காமற் சொல்லுங்கள்.