அரக்கனுக்கு ஓர் அட்டவணை

கெங்கவல்லி வட்டத்துத் தம்மம்பட்டியின் மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தக் கலைக்கு அடிப்படையான சிற்ப சாத்திரம் ஓர் உருவத்தை வருணித்துவிட்டு நிற்பதில்லை, அளவுகளை வரிசைப்படுத்தித் தருகிறது. உத்தம தச தாளம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் டேப்பில் இருக்கும் அங்குலம் அல்ல. உருவத்தின் உயரத்தையே பிரித்துப் பெறும் பங்கு. தொடைக்கு 27, முழங்காலுக்கு 4, கணைக்காலுக்கு 27, பாதத்துக்கு 4. கூட்டினால் 62, சரிபாதி. முகபாவமும் ஆயுதத்தின் நுணுக்கமும் பிறகுதான். உயரமும் நடுக்கோடும் முடிவாகாமல் மரத்தில் உளி வைக்க முடியாது என்பதால் இந்த வரிசை. வேலை நடக்கும் ஒழுங்கில்தான் தகவலும் நிற்க வேண்டும் என்ற இந்த அறிவு, இன்று உலகமெங்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அவ்வகையின் முன்னோடி. அதில் எதிர்ப்படும் ஒவ்வொரு கொடிய உயிருக்கும் ஒரு குறிப்புக் கட்டம் உண்டு. நம் ராட்சசனும் அதில் இடம்பிடித்தான். 1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் புலித்தலையோடு, கையில் புகைக்குழாயோடு அவன் படம் இருக்கிறது. அந்த நூலின் கட்டங்கள் 'எவ்வளவு அரிதாகத் தென்படும்', 'எத்தனை பேர் வருவார்கள்' என்று தொடங்கின. பகடை உருட்டி எதிரியை வரவழைக்கும் ஆட்டத்துக்கு முதலில் தேவைப்பட்டது அதுதான். 2014 பதிப்பில் அந்த வரிகளே இல்லை. கவச எண் 16, உயிர்ப்புள்ளி 110, வேகம் 40 அடி என்பவை மேலே ஏறிவிட்டன. ராட்சசன் மாறியதைவிட, ஆட்டத்தை நடத்துபவர் முதலில் கேட்கும் கேள்வி மாறியதே இதற்குக் காரணம் என்பேன்.

மனித மனம் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு தகவல்களைத்தான் தாங்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001இல் அதை நான்காகக் குறைத்தார். மூன்று அரக்கர்களின் அடியையும் காயத்தையும் கணக்கு வைத்துக்கொண்டு கதையும் சொல்பவருக்கு நான்கு என்பது மிகச் சிறிய இடம். எது எங்கே இருக்கும் என்று கண் பழகிவிட்டால் மட்டுமே அந்த இடம் மிஞ்சும். இந்த அளவுகோலில் 2014 கட்டமும் தவறுகிறது. ஆறாம் நிலை வரையிலான மந்திரங்கள் ராட்சசன் விரும்பினாலொழிய அவனிடம் பலிக்காது. முதல் மந்திரம் பாய்ந்ததுமே தேவைப்படும் இந்தச் செய்தி, அவன் பேசும் மொழிகளுக்கும் கீழே கிடக்கிறது.

எண்களில் அடைத்தால் கற்பனை செத்துவிடும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. 62 என்ற கணக்கு நிலையாக இருப்பதால்தான் சிற்பியின் கவனம் முழுவதும் கண்ணுக்கும் உதட்டுக்கும் போகிறது. ஆட்டத்திலும் உயிர்ப்புள்ளியை ஏடு நினைவில் வைத்துக்கொண்டால், அரக்கனின் குரலை உருவாக்க ஆளுக்கு அவகாசம் கிடைக்கும். இன்னோர் ஆட்சேபம் கனமானது: கட்டத்தில் பெயருக்கு அடியிலேயே 'ஒழுங்குக்குட்பட்ட தீயவன்' என்று குணத்தையும் எழுதிவிடுகிறார்கள். அண்ணனைப் பிரிந்து இராமனிடம் சேர்ந்த விபீடணனும், அண்ணன் செய்தது தவறென்று சொல்லிவிட்டு அவனுக்காகவே போரில் மாண்ட கும்பகருணனும் ஒரே குலத்தவர்கள். அவர்களை அந்த ஒரு வரி எப்படித் தாங்கும்? தாங்காது. அந்தக் குணம் பொதுவான தொடக்கம் மட்டுமே, மாற்றிக்கொள்ளலாம் என்று 2014 நூலின் முன்னுரையே அனுமதிக்கிறது. ஆனால் ஆட்டத்தின் நடுவே முன்னுரையைப் புரட்டுபவர் யார்? பெயருக்குக் கீழே முதல் வரியாக நிற்பது தீர்ப்பாகவே வாசிக்கப்படும். அந்த வரியைக் கட்டத்தின் கடைசிக்கு இறக்கி, ஆடுபவர்களே நிரப்பும்படி வெற்றிடமாக விட வேண்டும்.