பழைய காமிராவைப் பிரிப்பது எதுவரை?

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பழைய வீட்டு அலமாரி ஒன்றைத் துழாவினால், தோலுறைக்குள் உறங்கும் பிலிம் காமிரா ஒன்று அகப்படுவது அரிதன்று. திருமணம், தைப்பூசம், பள்ளி விளையாட்டு விழா என ஒரு குடும்பத்தின் நினைவுகளைப் பதித்த கருவி அது. இன்று அதன் லென்சில் வெண்ணூல் போல் ஏதோ படர்ந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் ஷட்டர் திறக்காது. ‘நாமே பிரித்துப் பார்த்தால் என்ன?’ என்னும் ஆவல் எழுவது இயல்பே. ஆனால், பிரிக்கத் துணிபவர் பலர். எங்கே நிறுத்துவது என்றறிந்தவர் சிலர். அந்த எல்லையைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் காரணம்

கோலாலம்பூரில் சராசரி வெப்பம் 27 அல்லது 28 பாகை செல்சியஸ். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 80 விழுக்காடு. ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினாலே பூசணம் செழித்து வளரும். விரல் பட்ட எண்ணெய்ப் பசையும் தூசியும் அதற்கு உணவாகின்றன. தோலுறை ஈரத்தை உறிஞ்சிக்கொடுத்து உதவுகிறது. பூசணம் கசியும் அமிலம் முதலில் லென்சின் மேற்பூச்சையும், பின்னர் கண்ணாடியையும் அரிக்கும். அரிப்பு விழுந்தபின் எவ்வளவு துடைத்தாலும் பழைய தெளிவு திரும்பாது. ஆதலின் தாமதமும் கேடே.

இரண்டாவது நோய் மசகினால் வருவது. வெப்பத்தில் மசகினின்று பிரியும் எண்ணெய் மெல்ல ஊர்ந்து ஷட்டரின் தகடுகளில் படிகிறது. இத்தகடுகள் எண்ணெயின்றி உலர்ந்த நிலையில் இயங்க வேண்டியவை. மெல்லிய எண்ணெய்ப் படலமே அவற்றை ஒட்டவைக்கப் போதும். சில காமிராக்களில் மசகு மாறாக இறுகிவிடும். ஜெர்மானிய ஆக்பா ஐசோலெட்டில், தூரம் குறிக்கும் வளையம் பசை வைத்து ஒட்டினாற்போல் நின்றுவிடுவது இதனாலேயே.

மூன்றாவது, ஜப்பானியக் காமிராக்கள் பலவற்றில் வெளிச்சம் புகாதிருக்கப் பின்கதவோரம் ஒட்டிய நுரைப்பட்டை. ஆண்டுகள் செல்ல அது தார்போல் உருகிப் பிசுபிசுக்கும்.

இம்மூன்றும் பெரும்பாலும் காமிராவின் மேற்புறத்து நோய்கள். வீட்டில் மருத்துவம் செய்யத்தக்கவை இவையே.

பிரிக்கும் முன்

முதலில் உள்ளே பிலிம் உளதா என்று பாருங்கள். பின்னே சுற்றும் குமிழைத் திருப்பினால் இறுக்கம் தென்பட்டால், பிலிம் இருக்கலாம், கதவைத் திறவாதீர்கள். மின்கலம் இருந்தால் அகற்றிவிடுக. பிளாஷ் விளக்கு உடலுக்குள்ளேயே அமைந்த காமிராவைத் திறக்கவே வேண்டாம். அதன் மின்தேக்கியில் 300 வோல்ட் வரை மின்சாரம் தங்கியிருக்கும். மின்கலத்தை எடுத்த பின்னரும் அது தாக்கும்.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த வெள்ளம் போன்றதொன்றில் மூழ்கிய காமிராவாயின், அதன் நெம்பைச் சுற்றிப் பார்க்காதீர்கள். பற்சக்கரங்களுக்கிடையே புகுந்த வண்டல் அவற்றைத் தேய்த்துவிடும்.

பழுதென்று எண்ணுவது சிலபோது பழுதே அன்று. 1966-இல் அறிமுகமாகி, பின்னர் 1970களில் நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரிலும் தயாரான ரோலை 35 காமிராவில், பிலிமைச் சுற்றிய பின்னரே லென்சை உள்ளே தள்ள இயலும். அதனை அறியாதார் பலங்கொண்டு அழுத்தி, நல்ல கருவியை முறிக்கின்றனர்.

செய்யும் முறை

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பனிக்கட்டித் தட்டு ஒன்றை வைத்துக்கொள்க. கழற்றும் திருகாணிகளை வரிசைப்படி அதன் குழிகளில் இடுக. ஒவ்வொரு படியிலும் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துவைப்பது நன்று. ஜப்பானியக் காமிராவின் கூட்டற்குறித் திருகாணிக்கு ஜப்பானிய அளவுத் திருப்புளியே பொருந்தும். பிறவற்றால் திருகினால் தலை வழுக்கிச் சிதையும்.

முன் லென்சைத் தாங்கும் வளையத்தைக் கழற்றுமுன், அதன் இருப்பிடத்தை ஊசியால் கீறிக் குறித்துக்கொள்க. மரை விட்டகலும் இடத்தையும் மறவாமல் குறிக்கவேண்டும். லென்ஸ் முழுவதும் சேர்ந்து நகரும் காமிராவில் முன்பகுதியை மீண்டும் முற்றிலும் திருகிவிட்டால் போதும். ஐசோலெட் போல் முன்கண்ணாடி மட்டும் நகர்ந்து தூரம் குறிக்கும் காமிராவிலோ, ஒரு மரை தவறினாலும் எல்லாப் படமும் மங்கும்.

முன்பகுதி நீங்கியதும் ஷட்டர் தகடுகள் கண்ணெதிரே தோன்றும். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் நாப்தாவைப் பஞ்சுக்குச்சியில் சிறிதளவு நனைத்துத் துடைத்து, ஷட்டரைப் பலமுறை இயக்கி, உலரவிட்டு மீண்டும் துடைக்கவும். அருகில் நெருப்பு கூடாது, சாளரம் திறந்திருக்கட்டும். எண்ணெய் மட்டும் இடாதீர்கள்.

லென்சின் பூசணத்துக்கு, 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடில் தோய்த்த மென்பஞ்சு போதும். தேய்க்காமல் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க. கண்ணாடியைத் திரவத்தில் ஊறப்போடலாகாது. இரு கண்ணாடிகளை இணைத்த பசை இளகிவிடும். நுரைப்பட்டையைப் பற்குச்சியால் சுரண்டியெடுத்து, அவ்விடத்தில் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டலாம்.

சரிபார்த்தல்

மூடிய பின் ஷட்டரை ‘பி’ நிலையில் திறந்துவைத்து, பிலிம் இருக்குமிடத்தில் மெல்லிய எண்ணெய்த்தாளைத் தளர்வின்றி ஒட்டுங்கள். தூரவளையத்தை முடிவிலிக் குறியில் நிறுத்தி, தொலைவிலுள்ள பொருளை நோக்குக. பிரிக்பீல்ட்ஸ் மாடியினர்க்கு மெர்டேக்கா 118 கோபுரமும், கிள்ளானில் இருப்பார்க்குத் துறைமுகத்துப் பாரந்தூக்கியும் உதவும். தாளில் அதன் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் லென்ஸ் தன்னிடத்தில் அமைந்துவிட்டது.

வேகத்தை அறியவும் வழியுண்டு. கைப்பேசியை நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்க முறையில் வைத்து, திறந்த பின்கதவு வழியே பதிவு செய்க. முப்பதில் ஒரு நொடி என்னும் வேகத்தில் 8 படங்களில் வெளிச்சம் தெரிதல் வேண்டும். 16 படங்களில் தெரிந்தால் ஷட்டர் பாதி வேகத்தில் ஓடுகிறது; தகடுகளை மறுபடி துடைத்துப் பாருங்கள்.

நிறுத்த வேண்டிய இடம்

அதன் பின்னும் வேகம் திரும்பாவிடின், குற்றம் பற்சக்கரத் தொகுதியில் உள்ளது. அங்கே இறுக்கிய விற்சுருள்கள் உள; ஒன்று தெறித்தால் மற்றவற்றின் ஒழுங்கும் குலையும். அதற்கப்பால் செல்வது பழகிய கைகளின் வேலை. கழற்றியதைக் கழற்றியபடியே மூடி, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பிரித்து, பை ஒன்றில் கொட்டிக் கொணரும் காமிராவைக் காட்டிலும், ஓடாத முழுக் காமிராவே அவருக்கு எளிது.

பழுது நீங்கிய பின் தோலுறையைத் தனியே வைத்துவிடுங்கள். காமிராவை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடும் பெட்டியில், 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் காப்பது நலம். இயந்திரத்துக்கும் உடற்பயிற்சி வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்து, எல்லா வேகங்களிலும் இயக்கிப் பாருங்கள். நம் ஊர்க் காற்றில், பூட்டி வைத்த காமிராவைவிடப் புழங்கும் காமிராவே நெடுநாள் வாழும்.